வாகையும் உளியும்: கள்ளக்குறிச்சி மரச்சிற்பப் பட்டறையில் நடக்கும் பரிசோதனை

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாடு கைத்திறத் தொழில்கள் வளர்ச்சிக் கழகமான பூம்புகார் அதற்கு விண்ணப்பித்தது 2013-இல். அதே காலத்தில்தான் கருப்பூர் கலம்காரிக்கும் குறியீடு வந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருந்த ஆண்டுகளுக்குள் ஊரின் முகவரியே மாறிவிட்டது. விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019-இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது.

குறியீட்டுக்காகச் சொல்லப்பட்ட வரலாறு சுருக்கமானது. மதுரை மன்னர்களின் தலைநகராக இருந்த காலத்தில் அங்கே வளர்ந்த மரச்செதுக்குக் கலை, பிற்பாடு பிழைப்புத் தேடிப் புறப்பட்ட சிற்பிகளோடு இடம்பெயர்ந்து, கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் வட்டாரங்களில் தனிப் பாணியாக வேர்பிடித்தது என்பது அதன் சாரம். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு முக்கியமாகப் படும் கேள்வியை இது தொடவில்லை. மதுரையில் கற்ற கை வேறொரு மண்ணின் மரத்தைத் தொட்டபோது என்ன ஆயிற்று? வாங்குகிறவர் கோயில் நிர்வாகத்திலிருந்து வீட்டு வரவேற்பறைக்கு மாறியபோது உளி எதை மறந்தது, எதைப் புதிதாகக் கற்றது? 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் ஒரு பொருளின் தனித்தன்மைக்கும் அது பிறக்கும் இடத்துக்கும் உள்ள உறவை நிறுவச் சொல்கிறது. அப்படி நிறுவுகிறவர்கள் கலையை மாறாத ஒன்றாக எழுதிவிடுவது இயல்பு. பட்டறையிலோ ஒவ்வொரு கட்டையும் புதுக் கணக்கு. இந்தக் கணக்குகளையே பரிசோதனை என்கிறேன். சென்னையில் ஓவியக் கல்லூரி படித்த ஒரு கலைஞர் தம் ஸ்டூடியோவில் செய்வதற்கு எந்த வகையிலும் குறையாத பரிசோதனை இது என்பது என் துணிபு.

மரத்திலிருந்தே தொடங்கலாம். மேற்கே கல்வராயன் மலை. கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி, திருவண்ணாமலை என்று பல மாவட்டங்களில் பரந்து, சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரண்டு அடுக்காக நிற்கிறது. கோமுகியும் மணிமுத்தாறும் இறங்கி வருவது அங்கிருந்துதான். மலையாளிப் பழங்குடியினர் வாழும் இந்த மலை சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்து, 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. மலையடிவாரத்தில் மரச்சிற்பம் வளர்ந்தது என்றதும், மலைக்காட்டின் ஈட்டியும் வேங்கையும் வண்டியேறி வந்து சிற்பமாவதாக ஒரு சித்திரம் மனதில் விழும். இன்றைய பட்டறைக்கு அது பொருந்தாது. ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாடு 1994-இல் தனிச் சட்டமே இயற்றியது. காடுகளில் மரம் வெட்டுவதை உச்ச நீதிமன்றத்தின் 1996-ஆம் ஆண்டு கோதவர்மன் வழக்கு ஆணை நாடு முழுவதும் இறுக்கியது. 2017 தொடக்கத்தில் ஈட்டியின் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்குள் போனது. விலை, பர்மிட், பயம் மூன்றும் சேர்ந்து சிற்பியை மலையிலிருந்து சமவெளிக்குத் திருப்பின. வரப்பிலும் கொல்லையிலும் சாலையோரத்திலும் வளரும் மரங்கள் அவர் கைக்கு வந்தன: வாகை, தூங்குமூஞ்சி, மாவிலங்கம், மா, வேம்பு. பரிசோதனை தொடங்கியது இந்த மாற்றத்தில்தான்.

ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குணம் உண்டு, அதற்கேற்ற நடைமுறையும் உண்டு. மாவிலங்கம் மஞ்சள் கலந்த வெள்ளை. வைரம், வெளிமரம் என்று பிரித்துப் பார்க்க முடியாதபடி ஒரே சீராக இருக்கும். நுணுக்கமான நகை வேலைக்கு இடங்கொடுக்கும். மாமரம் மலிவு, சீக்கிரம் செதுக்கலாம். ஆனால் அதன் மாவுச்சத்தைத் தேடி வண்டு வரும், ஈரம் நின்றால் கறை படரும். வேம்பு செம்மை கலந்தது, பூச்சியைத் தாங்கும். பூரி ஜகந்நாதரின் திருமேனி வேம்பு என்பதும், 1996-லும் 2015-லும் நடந்ததுபோல ஆண்டுகள் சில இடைவிட்டுப் பழைய திருமேனியை அடக்கம் செய்து புதியதைச் செய்கிறார்கள் என்பதும் பலரும் அறிந்தது. மரம் அழியும் என்பதை ஒப்புக்கொண்டே வகுத்த முறை அது.

வாகை இவற்றிலிருந்து தனித்து நிற்கிறது. அறுத்த வாகைக் கட்டையின் முகத்தைப் பார்த்தால் நடுவில் கரும்பழுப்பு வைரம், சுற்றிலும் வெளிறிய மஞ்சள் வளையம். இரண்டுக்கும் நடுவில் கத்தியால் கீறியதுபோல எல்லை. இந்த எல்லை எங்கே விழப்போகிறது என்று முதல் உளி வைப்பதற்கு முன்பே தீர்மானித்தாக வேண்டும். பிள்ளையார் செதுக்கினால், கட்டையைச் சற்றுத் திருப்பி வைத்தால் போதும், முகம் முழுக்கக் கருமையில் அமைந்து கைநுனிகளும் பீடத்தின் ஓரமும் வெளுப்பில் போய்விடும். கணக்குத் தப்பினால் எல்லை நெற்றியின் குறுக்கே ஓடும். பார்க்கிறவருக்கு அது தழும்பாகத் தெரியும். இதோடு தீரவில்லை. வாகையின் நார் ஒரு பட்டையில் இடப்புறம் சாய்ந்தும் அடுத்த பட்டையில் வலப்புறம் சாய்ந்தும் பின்னி ஓடும். ஒரு கன்னத்தில் வழுக்கிக்கொண்டு போகும் நகவுளி, அதே திசையில் அடுத்த கன்னத்தைத் தொட்டால் பிசிறு கிளம்பும். அதனால் உளியின் திசையை விரற்கடைக்கு விரற்கடை மாற்ற வேண்டும். இந்த மாற்றத்தை எந்த நூலும் கற்றுத் தராது, உளியின் சத்தம்தான் சொல்லும். உப்புத்தாள் போடும்போது எழும் வாகைத்தூள் மூக்கை அரித்துத் தும்மல் தரும். பட்டறை வேலையின் அன்றாட உபாதைகளில் அதுவும் ஒன்று.

தூங்குமூஞ்சி வாகை வேறு இனம். மத்திய அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவின் வடபகுதியிலும் பிறந்து 19-ஆம் நூற்றாண்டில் நிழல் மரமாக இங்கே வந்து சேர்ந்தது. காய்கையில் அதிகம் சுருங்காது என்பதே அதன் பெருஞ்சிறப்பு. அதனால்தான் ஹவாயிலும் பிலிப்பைன்ஸிலும் பெரிய கிண்ணங்களையும் தட்டுகளையும் அதன் ஈர மரத்திலேயே கடைகிறார்கள். ஆகம மரபில் இடமே இல்லாத, எந்தச் சிற்ப நூலும் கேள்விப்படாத மரம், இன்று தமிழ்நாட்டு மரச்சிற்பத்தில் இடம்பிடித்திருக்கிறது. வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டில் பிருகத் சம்ஹிதையில் சிலைக்கு மரம் தேடிக் காட்டுக்குள் போவதற்கென்றே ஓர் அத்தியாயம் எழுதினார். எந்த மரம் ஆகும், எது ஆகாது என்றெல்லாம் அதில் உண்டு. அந்தப் பட்டியலில் இல்லாத ஒன்றை முதலில் உளியால் தொட்டுப் பார்த்தவர் யாரென்று தெரியாது. கலை வரலாற்றில் அவருக்கு ஒரு வரியாவது கிடைக்க வேண்டும்.

சிற்பியின் நிரந்தர எதிரி ஈரம். வெட்டிய மரத்தில் நீர் இரண்டு இடங்களில் இருக்கிறது, நார்க் குழல்களின் உள்ளே கொஞ்சம், குழல்களின் சுவருக்குள் கொஞ்சம். குழலுக்குள் இருப்பது வெளியேறும்வரை கட்டை உருமாறாது. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே போய், சுவரில் ஊறிய நீரும் கிளம்பத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கும். அந்தச் சுருக்கமும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இருப்பதில்லை. வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்தை நோக்கிச் சுருங்குவதைப்போல ஏறத்தாழ 2 மடங்கு. ஆகவே மையத்தோடு விட்ட முழு உருட்டுக் கட்டை, நடுவிலிருந்து விளிம்புவரை ஓரிடத்தில் பிளந்தே தீரும். பட்டறைகள் இதற்குக் கண்ட வழிகள் பல. மையம் விலகும்படி கட்டையை அறுப்பது, வெட்டுமுகத்தில் மெழுகோ பெயின்ட்டோ பூசி ஈரம் மெல்ல வெளியேற விடுவது, சிலையின் முதுகைக் குடைந்து எடுப்பது, அப்படியும் வந்த வெடிப்பில் அதே மரத்தின் தூளைப் பெவிகாலில் குழைத்து மக்காக அடைப்பது. முதுகைக் குடையும் வழியை 15-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியச் சிற்பிகளும் தாங்களாகவே கண்டடைந்திருந்தார்கள்.

ஈரத்தைத் துரத்தாமல் அதற்குள்ளேயே மரத்தை வைத்துக் காக்கும் வழியும் உண்டு. காஞ்சிபுரத்து அத்திவரதர் 40 ஆண்டுகள் குளத்து நீருக்குள் இருந்து, 2019-இல் 48 நாள் வெளியே வந்து, திரும்பவும் நீருக்குள் போனார். காற்று புகாத நீரடியில் மரத்தை உளுக்க வைக்கும் பூஞ்சை வளராது. ஈரம் குறையாததால் சுருக்கமும் வராது. பக்தியின் மொழியில் சொல்லப்படும் இந்த ஏற்பாட்டில் மரத்தைப் பற்றிய துல்லியமான அறிவு அடங்கியிருக்கிறது. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள்ளேயே இன்னொரு பெரிய எடுத்துக்காட்டு இருக்கிறது. திருக்கோவிலூர் உலகளந்த பெருமாளின் மூலவர் திருமேனி தாருவால், அதாவது மரத்தால் ஆனது. ஒரு கால் விண்ணை நோக்கி உயர்ந்து நிற்கும் அவ்வளவு பெரிய உருவத்தை மரத்தில் நிறுத்தத் துணிந்தவர்கள் இந்தப் பெண்ணையாற்றங்கரையில் இருந்திருக்கிறார்கள் என்பதை, மரச்சிற்ப வரலாறு மதுரையில் தொடங்கிக் கள்ளக்குறிச்சியில் முடிவதாகச் சொல்லும்போது மறந்துவிடக் கூடாது.

உயர்த்திய கால் என்றவுடன் பட்டறையின் மிகக் கடினமான சோதனை நினைவுக்கு வருகிறது: மரத்தில் நடராஜர். கூத்தனின் உருவம் செப்புத் திருமேனிக்காகவே முதிர்ந்தது. உருகிய உலோகம் அச்சுக்குள் ஓடி உறையும். கை எந்தப் பக்கம் நீண்டாலும் அதற்குக் கவலையில்லை, எல்லாத் திசையிலும் ஒரே வலு. மரம் அப்படியல்ல. நார் ஓடும் திசையில் இரும்பாக நிற்கும், குறுக்கே தட்டினால் பிஸ்கட்டாக உடையும். நின்ற கோலத்தில் நார் மேலிருந்து கீழாக ஓட வேண்டும், இல்லையென்றால் ஊன்றிய கால் தாங்காது. அப்படி வைத்தால் இடப்புறமாக வீசும் தூக்கிய திருவடி, யானைத்துதிக்கைபோல நீளும் கை, இருபுறமும் பறக்கும் சடை எல்லாமே நாருக்குக் குறுக்கே அமைந்துவிடுகின்றன. சுண்டுவிரல் கனமுள்ள சடைநுனி ஒரு துடைப்புத்துணி பட்டாலே போய்விடும். திருவாசி அதைவிடச் சிக்கல். வட்டத்தின் உச்சியிலும் அடியிலும் நார் வளையத்தின் போக்கில் இல்லாமல் அதை வெட்டிக்கொண்டு போகும், அல்லது பக்கங்களில் அப்படிப் போகும். எப்படித் திருப்பினாலும் இரண்டு இடம் பலவீனம்.

இதற்கு மரச்சிற்பிகள் தந்த விடைகளைக் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு கண்டுபிடிப்பு. சடையின் நுனிகளைத் திருவாசியின் உள்விளிம்போடு சேர்த்தே விட்டுவிடுகிறார்கள். சடைக்கு வளையமும் வளையத்துக்குச் சடையும் முட்டுக்கொடுக்கின்றன. தூக்கிய பாதத்துக்குக் கீழே ஒரு பூவோ பாம்பின் படமோ வந்து தாங்குகிறது. பறக்கும் இடைக்கச்சையின் முனை வளையத்தைத் தொடுகிறது. தீச்சுடர்களைத் தனித்தனி நாக்குகளாக விடாமல் அடுக்கு இலைகளாகத் தடிக்க வைக்கிறார்கள். செப்பில் வெறும் காற்றாக இருந்த இடங்கள் மரத்தில் கொடியாலும் மலராலும் நிறைகின்றன. தமிழ்நாட்டு மரச்சிற்பத்தில் அலங்காரம் அதிகம் என்று குறைபடுவோர் உண்டு. அந்த அலங்காரத்தில் பாதி, பாரம் தாங்கும் தூண். நார் உடையும் இடத்தை மறைத்துத் தாங்கும் வேலையை ஒரு தாமரை மொட்டு செய்கிறது. நவதாளம், தசதாளம் என்று அளவு நூல் உடலின் விகிதத்தைத் தருகிறது. உத்தம தசதாளத்தில் உருவம் 124 பங்கு. ஆனால் மாந்தோப்பில் விழுந்த இந்தக் குறிப்பிட்ட கட்டையின் முடிச்சு எங்கே இருக்கிறது என்பது தாள நூலுக்குத் தெரியாது. முடிச்சு முழங்காலில் விழாமல் பார்த்துக்கொள்வதும் 124 பங்கு பிசகாமல் பார்த்துக்கொள்வதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். சில நேரம் பீடம் ஓரங்குலம் உயர்வதும், மயில் இடமிருந்து வலத்துக்குப் போவதும் இதனால்தான்.

இன்னொரு பெரிய மாற்றம் வண்ணம் விலகியது. கோயில் வாகனங்களை நினைத்துப் பாருங்கள். குதிரை, யாளி, அன்னம் எல்லாம் பல துண்டுகளைச் சேர்த்து, உள்ளே குடைந்து, மேலே துணியும் பூச்சும் வண்ணமும் ஏற்றிச் செய்தவை. எந்த மரம், எந்த நிறம், எங்கே இணைப்பு என்பதெல்லாம் வண்ணத்துக்கு அடியில் மறைந்துவிடும். சிலை வீட்டுக்கும் ஹோட்டல் முகப்புக்கும் போகத் தொடங்கியபோது வாங்குகிறவர் மரம் மரமாகத் தெரிய வேண்டும் என்றார். அந்த ஒரு விருப்பத்தால் இணைப்புக்கோடு குற்றமாயிற்று, மக்கு அடைத்த இடம் குற்றமாயிற்று, ஒரே கட்டையில் செதுக்கியது என்பது பெருமையாயிற்று. ஐரோப்பாவிலும் இது ஒருமுறை நடந்திருக்கிறது. 1490-களின் தொடக்கத்தில் தில்மன் ரீமென்ஷ்னைடர் மியூனர்ஷ்டாட் ஊர்த் தேவாலயத்துக்கு லிண்டன் மரத்தில் பீடச் சிற்பத்தொகுதி ஒன்றைச் செய்து, வண்ணம் பூசாமல் விட்டார். ஊராருக்கு அது நிறைவு தரவில்லை. பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து ஃபைட் ஷ்டோஸ் என்ற மற்றொரு பெருங்கலைஞரை அழைத்து வண்ணம் ஏற்றினார்கள். லிண்டன் சிற்பிகளைப் பற்றி 1980-இல் நூல் எழுதிய மைக்கேல் பாக்ஸண்டல், மரத்தின் குணம் அறிந்துதான் அந்தச் சிற்பங்களைப் படிக்க முடியும் என்று காட்டினார். அவர் நூலுக்குப் பிறகு அந்த மடிப்புகளையும் விரல்களையும் யாரும் பழையபடி பார்க்கவில்லை. கள்ளக்குறிச்சிக்கு அப்படி ஒரு நூல் வரவில்லை என்பது என் ஆதங்கம்.

வண்ணம் போன இடத்துக்குப் பாலிஷ் வந்தது. இப்போது அதிகம் கேட்கப்படுவது ‘ஆன்டிக்’ பூச்சு. கருஞ்சாயத்தைச் சிலை முழுக்க அப்பி, காய்வதற்குள் மேடான இடங்களைத் துணியால் துடைத்து எடுக்கிறார்கள். பள்ளங்களில் கருமை தங்கும், மூக்கும் கன்னமும் முழங்காலும் வெளிச்சம் வாங்கும். பல தலைமுறை பூசையில் தேய்ந்த தோற்றம் ஒரு பிற்பகலில் வந்துவிடும். செய்நுட்பமாக இது தேர்ந்தது, மறுக்கவில்லை. ஆனால் வாகையின் இரு நிறத்தையும், உளி தேடித் தேடி ஒதுக்கிய அந்த எல்லையையும் இது மொத்தமாகப் புதைத்துவிடுகிறது. மாவும் வாகையும் மாவிலங்கமும் ஒரே பழுப்பில் வந்து நிற்கின்றன. எண்ணெயும் மெழுகும் மட்டும் தேய்த்த வாகைச் சிற்பமே என் கண்ணுக்கு உயர்ந்தது. வாங்குகிறவர்கள் அதைக் கேட்டுப் பழக வேண்டும் என்று விரும்புகிறேன்.

இவற்றையெல்லாம் பரிசோதனை என்று சொல்வதற்கு ஏன் தயங்குகிறோம்? 1966-இல் கே. சி. எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. பாத்திக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் விற்ற பணம் அதற்கு முதலாயிற்று. பி. வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டி வளைத்து, முன்பக்கம் மட்டும் பேசும் தெய்வ உருவங்களைப் படைத்தார். எஸ். நந்தகோபால் உலோகத் தகட்டையும் பற்றவைப்பையும் எனாமலையும் சேர்த்து, கோயில் கவசத்துக்கும் நவீன சிற்பத்துக்கும் நடுவே தனி வழி கண்டார். பாத்திரக்காரரின் சுத்தியலும் கவசம் செய்கிறவரின் தகடும்தான் அவர்கள் ஊற்று. அதைப் பெருமையோடு சொல்லவும் செய்தார்கள். விமர்சகர்கள் எழுதினார்கள், அருங்காட்சியகங்கள் வாங்கின, ஒவ்வொரு படைப்பிலும் பெயரும் ஆண்டும் இருக்கிறது. அதே தேடலை மரத்தில் செய்யும் மலையடிவாரத்துச் சிற்பியின் படைப்பு, பெயரும் ஆண்டும் இல்லாமல், அடி உயரத்துக்கும் கன அடிக்கும் விலை போட்டு விற்கப்படுகிறது. இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நந்தகோபால் தம் சிக்கலைத் தாமே தேர்ந்தார், கள்ளக்குறிச்சியில் சிக்கல் ஆர்டரோடு வருகிறது. அதைவிட ஆழமான வேறுபாடு தோல்வியின் செலவு. முக்கால்வாசி முடிந்த சிலையின் மார்பில் உள்வெடிப்பு ஒன்று வெளிப்பட்டால், மரத்தின் விலையும் வாரக்கணக்கான கூலியும் பட்டறைக்காரர் தலையில் விழும். அதனால் துணிகரமான முயற்சியைவிடச் சென்ற மாதம் விற்றதையே மறுபடி செய்வது பாதுகாப்பு. இவ்வளவு குறுகிய எல்லைக்குள்ளும் புதியது முளைக்கிறது என்பதுதான் வியப்பு.

எது பரிசோதனை, எது மறுபடி செய்வது என்ற கேள்வி கணினி ரௌட்டர் வந்த பிறகு கூர்மையாகியிருக்கிறது. கதவுப் பலகை, பூசையறைச் சட்டம், தட்டைச் சிற்பம் போன்றவற்றை இயந்திரம் இரவோடு இரவாக முடித்துவிடும். ஆனால் மேலிருந்து கீழிறங்கும் சுழல்முனைக்கு, மேலிருந்து பார்த்தால் தெரியாத இடம் எட்டாது. மாலைக்கும் மார்புக்கும் நடுவிலுள்ள இடைவெளி, காதணிக்குப் பின்னால் உள்ள நிழல், விரலுக்கும் பூந்தண்டுக்கும் இடையிலுள்ள துளை ஆகியவற்றில் வளைந்த உளி பக்கவாட்டில் நுழைய வேண்டும். பல அச்சுகளில் திரும்பும் இயந்திரங்கள் உண்டென்றாலும் அவற்றின் விலை சிறு பட்டறைக்குக் கட்டாது. அதனால் கையும் இயந்திரமும் பங்கு பிரித்துக்கொள்ளத் தொடங்கியிருக்கின்றன. முரட்டு வேலை அங்கே, குடைவு வேலை இங்கே. இந்தப் பங்கீட்டில் எனக்கு ஒரு கவலை உண்டு. இளம் கை மரத்தின் நாரைக் கற்றுக்கொள்வது அந்த முரட்டு வேலையில்தான். வாச்சியால் கழிக்கும்போதே கட்டை தன் குணத்தைச் சொல்லிவிடுகிறது. அதைத் தாண்டி நேராக முகத்துக்கு வருகிறவர், அடுத்த உளிவீச்சில் பிசிறு கிளம்பும் என்பதை எப்படி முன்கூட்டி உணர்வார்?

பதிவு செய்ய வேண்டியவை நிறைய. எந்த மரம் எத்தனை மாதத்தில் காய்ந்தது, எந்தப் பக்கம் அறுத்ததால் வெடித்தது, எந்த உளிக்கோணம் வாகைக்கு ஒத்தது என்பவையெல்லாம் முதிய சிற்பிகளின் கையோடு போய்க்கொண்டிருக்கின்றன. 1850-இல் தொடங்கிய சென்னை ஓவியக் கல்லூரிக்கும், மாமல்லபுரத்தில் 1957 முதல் இயங்கும் சிற்பக் கல்லூரிக்கும் இது தகுந்த ஆய்வுப்பணி. மாவட்டத்தின் மரங்களுக்கு ஒரு மாதிரிக் காப்பகம், ஒவ்வொரு மாதிரியிலும் ஒரே பூவைச் செதுக்கிக் காட்டும் பலகை என்று எளிமையாகவே தொடங்கலாம்.

அந்தக் காப்பகத்தில் முதலில் வைக்க வேண்டிய மரம் சீமைக்கருவேலம் என்பேன். ஒழிக்க வேண்டும் என்று ஊரே கூடி நிற்கும் மரம் அது, அடுப்புக்கரியைத் தவிர வேறு மதிப்பில்லை. ஆனால் அதன் வைரம் ஆழ்ந்த செம்பழுப்பு, இறுகியது, காய்கையில் மிகக் குறைவாகவே சுருங்குவது. சிற்பிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தடை ஒன்றுதான். மரம் கோணல், தண்டு சிறுத்தது, ஓரடி உயரச் சிலைக்குக்கூட ஒரே கட்டை கிடைப்பது அரிது. துண்டுகளைச் சேர்த்தே செய்தாக வேண்டும். ஜப்பானியச் சிற்பி ஜோச்சோ 1053-இல் பியோதோயின் கோயிலின் அமிதாப புத்தரை அப்படித்தான் செய்தார். குடைந்த பல துண்டுகளை இணைத்தார், கனமும் குறைந்தது, வெடிப்பும் தவிர்ந்தது. நமக்கு ஜப்பான்வரை போகவும் தேவையில்லை. வாகனம் செய்த கைகளுக்கு இணைப்பும் குடைவும் பழகிய வேலைகள்தாம். வண்ணத்துக்கு அடியில் ஒளிந்திருந்த அந்த இணைப்பை, செம்பழுப்பு வைரத்தில் வெளியே தெரியும்படி, ஆபரணத்தின் கோட்டோடு கோடாக ஓடும்படி அமைத்துப் பார்க்கலாம். சில கட்டைகள் வீணாகும். அந்தச் செலவைச் சிற்பியின் தலையில் ஏற்றாமல் ஏற்றுக்கொள்ள ஒரு கல்லூரியோ கழகமோ முன்வந்தால் போதும், வேலையை நாளைக்கே தொடங்கலாம்.